எட்டாது, எம்ட்டிதான்

என் அருமை மகனுக்கு,

டிக்கோயாவிலிருந்து அப்பா எழுதுகிறேன். இங்கே யாரும் சாகவில்லை, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கடிதம் என்று ஒன்று வந்தால் நீ அப்படித்தான் நினைத்துப் பதறுவாய், அதனால் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள் என்று உன் அம்மா சொன்னாள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "ம்ம்" என்கிறாய். முட்டிவலி என்றாலும் "ம்ம்", பக்கத்து லயத்து வீட்டில் கூரைத் தகரம் பறந்துவிட்டது என்றாலும் அதே "ம்ம்", நடுவில் யாருக்கோ சிங்களத்தில் பதில் வேறு சொல்கிறாய். காகிதத்தைப் பார்த்து நீ எத்தனை "ம்ம்" போட்டாலும் எனக்குக் கேட்காது. நானும் கோபப்படாமல் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பேன்.

விசயம் உன்னுடைய எயார் ரைபிள், அந்தக் காற்றுத் துப்பாக்கி. மரக்கறித் தோட்டத்தில் குரங்கு விரட்ட மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கினாயே, அதுதான். அது வீட்டுக்கு வந்த அன்றைக்கு எட்டுப் படம் அனுப்பினாய். நின்றுகொண்டு ஒன்று, முட்டி போட்டு ஒன்று, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு. எட்டிலும் குரங்கைக் காணோம். நீ இதுவரை அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனதே ஐந்து தடவைதானாம், குரங்குகள் வேலியில் உட்கார்ந்து கரட் தின்றுகொண்டே உன்னை வேடிக்கை பார்த்தனவாம், கடைசியில் சுகந்தி தகர டின்னைத் தட்டிக்கொண்டு வந்த பிறகுதான் எழுந்து போயினவாம். என் மருமகள் பொய் சொல்ல மாட்டாள். சரி, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோமே, அப்போது நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அதை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "அலமாரி உச்சியில இருக்குப்பா, மித்ராவுக்கு எட்டாது" என்றாய். உள்ளே ரவை இருக்கிறதா என்று கேட்டேன். "எம்ட்டிதான்பா. நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றாய். அதற்குள் வெளியே யாரோ "குரங்கு, குரங்கு" என்று கத்த, போனைப் பிள்ளையின் கையில் திணித்துவிட்டு நீ வெறுங்கையோடு ஓடினாய். எட்டாது, எம்ட்டிதான். இந்த இரண்டு வார்த்தையும் எனக்குப் புதிதல்ல. இருபத்தேழு வருசத்துக்கு முன்னால் இதையே சொன்ன ஆள் நான்தான்.

அப்போது உனக்கு ஐந்து வயது. நான் தேயிலைத் தோட்டத்தில் வாச்சர், காவல் வேலை. நாற்றுமேடையைக் காட்டுப்பன்றி கிளறிப்போடுகிறது என்று துரை என் கையில் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்திருந்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் வேலைக்கு ஆள் சேருகிற பெரட்டுக்களம் பக்கமாக நான் நடந்து வருவதைப் பார்க்க வேண்டுமே. தேவையே இல்லாமல் சுற்றுவழியில் வருவேன். கொழுந்துக்குப் போகிற பெண்கள் எல்லாரும் பார்க்கவேண்டும் என்பதற்காக என்று உன் அம்மா சொல்லுவாள், அது அபாண்டம். பாதிப் பேர் பார்த்தாலே எனக்குப் போதும். அந்தத் துப்பாக்கியை லயத்தில் நம் ஒற்றையறைக் காம்பராவில் கூரைக்குக் கீழே ஒரு பலகை அடித்து, பிள்ளைக்கு எட்டாது என்று சொல்லி, பொங்கல் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஒளித்த இடம் எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்பது என் நினைப்பு. ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, அப்பாவோட துப்பாக்கி எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாதுப்பா" என்று சொன்னாய். சொல்லும்போதே உன் கண் இரண்டும் பானைக்குப் போய்த் திரும்பி வந்தன. நானோ வாய் சொன்னதை நம்பினேன், கண் சொன்னதை விட்டுவிட்டேன். பிறகு விசாரித்தால் அந்த லயத்தில் இருந்த பன்னிரண்டு காம்பராப் பிள்ளைகளுக்கும் பானை தெரிந்திருந்தது.

இன்னொரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ சோறு தின்ன மாட்டாய். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கதை வேண்டும். கதை தீர்ந்த ஒருநாள், "தின்னலைன்னா துப்பாக்கிய எறக்கிருவேன்" என்று மிரட்டினேன். நீ பயப்படவில்லை. "எறக்குங்கப்பா, தின்னுறேன்" என்றாய். அன்றிலிருந்து அது உனக்குப் பூச்சாண்டி இல்லாமல் பட்சணமாகிவிட்டது. தொடாதே, தொட்டால் கையை முறிப்பேன் என்று தினமும் சொல்லி வைத்தேன், நீயும் தலையாட்டினாய். நீ சொன்னால் கேட்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நீ சொன்னால் கேட்கிற பிள்ளைதான். அதுதான் பின்னால் வந்த வினையே.

ஆயுதபூசை வந்தது. நம் தோட்டத்தில் அது எப்படி நடக்கும் என்று உனக்கே தெரியும். தேயிலை ஸ்டோரில் வேலையை மத்தியானத்தோடு நிறுத்தி, கொழுந்து அரைக்கிற ரோல் மெசினுக்கெல்லாம் சந்தனம் பூசி, ஒரு பக்கம் அம்மன் படத்தை வைத்து, அதற்கு முன்னால் அவரவர் தொழில் சாமானைப் பரப்புவார்கள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மருந்தடிக்கிற டாங்கி, லொறிச் சாவி. அந்த வருசம்தான் என் துப்பாக்கிக்கும் முதல் ஆயுதபூசை. எண்ணெய் போட்டுத் துடைத்து, மாலை கட்டி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி கொண்டுபோனேன். அது நடுவில்தான் இருக்கவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டு வாழைமட்டை வைத்து அதன் மேல் படுக்கவைத்தோம். அப்புறம்தான் ஒரு சிக்கல் வந்தது. குழல் அம்மனைப் பார்த்து இருந்தது. சாமியைக் குறிபார்த்துத் துப்பாக்கி வைப்பதா, அடுக்குமா என்று பூசாரி கருப்பையா கன்னத்தில் போட்டுக்கொண்டான். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. பயபக்தியோடு துப்பாக்கியைத் திருப்பி, குழல் சனங்களைப் பார்க்கிற மாதிரி வைத்தோம். முன்வரிசையில் யார் உட்காருவார்கள்? பொங்கல் முதலில் கிடைக்கும் என்று பிள்ளைகள்தான். பதினோரு பிள்ளைகள். அத்தனை பெரியவர்களில் ஒருத்தருக்குக்கூட அது தப்பாகத் தோன்றவில்லை. "எம்ட்டிதானேண்ணே?" என்று மட்டும் கருப்பையா கேட்டான். "எம்ட்டிதான்யா" என்றேன், உன்னை மாதிரியே.

பூசை தொடங்கி, சூடம் ஏற்றுகிற நேரத்தில் கருப்பையா நெருப்புப்பெட்டி கேட்டான். சட்டைப்பைக்குள் கையை விட்டேன். என் கணக்கு எப்போதும் இரண்டு தோட்டா, காவலுக்குப் போகும்போது இரண்டு, திரும்பும்போது இரண்டு. பையில் நெருப்புப்பெட்டி இருந்தது, கூடவே ஒரு தோட்டா இருந்தது. ஒன்றுதான் இருந்தது. மற்றப் பையிலும் பார்த்தேன், வேட்டி மடிப்பிலும் பார்த்தேன். தினமும் தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், தினமும் எடுத்ததால் அன்றைக்கும் எடுத்துவிட்டேன் என்று மனம் சொன்னது, கை எடுக்கவில்லை. கருப்பையாவின் காதருகே போய், "கருப்பையா, உள்ள வெடி இருக்குய்யா" என்றேன். அவன் மந்திரத்தை நிறுத்தாமலே, "பூசையில வச்ச பொருள நாளைக்குக் காலம்பற மறுபூச முடிஞ்சுதாண்ணே எடுக்கணும், சாமி குத்தம் ஆயிரும்" என்றான். "சாமி குத்தமாவது ஒண்ணாவது, புள்ளைங்க உக்காந்திருக்குதுய்யா" என்றேன். அவன் மட்டும் தீபத்தட்டோடு மெல்ல மெல்ல வலப்பக்கமாக நகர்ந்து, குழலுக்கு நேராக இல்லாத ஓர் இடத்தில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து மணியடித்தான். அம்மனுக்கு அன்றைக்குச் சாய்வாகத்தான் தீபாராதனை நடந்தது.

பிள்ளைகளையாவது நகர்த்தலாம் என்று, "எல்லாரும் அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்று அதட்டினேன். ஒருத்தர்கூட அசையவில்லை. இடத்தை விட்டால் பொங்கல் பின்வரிசைக்குப் போய்விடும் என்ற கவலை அவர்களுக்கு. அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். நீ வரிசையில் இல்லை. கருப்பையா ஒதுங்கிப் போன வெற்றிடத்தில், துப்பாக்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாய். வலது கை ஆட்காட்டி விரல் நுனியில் குங்குமம். துப்பாக்கிக் கட்டைக்கு ஒரு பொட்டு வைத்து முடித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சந்தோசமாகக் கேட்டாய், "அப்பா, சுடுற எடத்துக்கும் பொட்டு வைக்கணும்ல?" விரல் வளையத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. தொடாதே என்று உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பொட்டு வைக்காதே என்று ஒரு தடவையும் சொன்னதில்லையே. எனக்குக் கத்தவும் வரவில்லை, காலும் நகரவில்லை. உன் அம்மாதான் பூத்தட்டைக் கீழே போட்டுவிட்டு, கத்தியையும் டாங்கியையும் மிதித்துக்கொண்டு வந்து, உன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இழுத்துவிட்டு, "மரமாட்டம் நிக்கிறீங்க? அந்தச் சனியன வெளிய கொண்டு போங்க!" என்றாள். அம்மன் சந்நிதியில் அந்த வார்த்தை எல்லாருக்கும் கேட்டது.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் ஓடினேன். குழலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு திறக்கப் பார்த்தேன். கையெல்லாம் சந்தனம். வழுக்கிய விரல் எதில் பட்டதோ, வெடித்துவிட்டது. சவுக்கு மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய், பக்திப் பாட்டைப் பாதியில் விழுங்கிக்கொண்டு தரைக்கு வந்தது. கருப்பையா இருக்கிறானே, அவன் மூளைக்காரன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "அம்மாளுக்கு வெடி மரியாத! அரோகரா!" என்று கத்தினான். சனமும் "அரோகரா" என்றது. நான் உள்ளே வந்தபோது மாலை போட்டார்கள். நான் மறுக்கவில்லை. அடுத்த வருசம் ஆயுதபூசைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, வெடி மரியாதை உண்டல்லவா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். துரையிடம் போய்த் தோட்டாவுக்கு அனுமதி கூட வாங்கி வந்தார்கள். நான் ஓய்வுபெறும் வரைக்கும் வருசா வருசம் வானத்தைப் பார்த்துச் சுட்டேன். இப்போது துப்பாக்கி இல்லாததால் சீனவெடி போடுகிறார்களாம். பரம்பரையாக வருகிற வழக்கம் என்று போன வருசம் ஒருத்தன் எனக்கே விளக்கம் சொன்னான்.

இத்தனை வருசமாக நீயும் அதைத்தான் நம்பியிருக்கிறாய். உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, எங்கப்பா அம்மனுக்கே வெடி மரியாதை செய்தவர் என்று பெருமையாகச் சொன்னாய், நான் தலையைக் குனிந்துகொண்டேன், எல்லாரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். அது அடக்கமில்லை மகனே, வெட்கம். மரியாதையும் இல்லை மண்ணும் இல்லை, உன் அப்பாவின் மறதி அது. அந்த வெடி இரண்டு நிமிசம் முந்தியிருந்தால் முன்வரிசையில் விழுந்திருக்கும். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒருத்தன் கொழும்பில் கடையில் நிற்கிறான். ஒருத்தன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறான், என்னை ஏற்றிக்கொண்டு வழியெல்லாம் அரசியல் பேசி உயிரை வாங்குவான். அவன் பேசப் பேச நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு வருவேன். இவன் இப்படிப் பேசுவதற்கு உயிரோடு இருக்கிறானே என்று எனக்கு அழுகை வரும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

அன்றைக்குப் பிறகு உன் அம்மா எனக்குச் சட்டம் போட்டாள். துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள், பெட்டிக்குப் பூட்டு, தோட்டா வேறொரு டின்னில், அந்த டின்னுக்கு வேறு பூட்டு. வாசல்படி ஏறுவதற்கு முன்னால் அவள் எதிரில் குழலைத் திறந்து காட்டவேண்டும். காட்டினால்தான் தேத்தண்ணி. சில நாள் சண்டை போட்டிருக்கிறேன். "என்மேல நம்பிக்கை இல்லையா ஒனக்கு?" என்று கேட்டால், "ஒங்கமேல இருக்குங்க, ஒங்க மறதிமேலதான் இல்ல" என்பாள். மித்ரா விளையாடப் போகிற வீடுகளிலும் நீ இதைக் கேட்கவேண்டும். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் இந்தச் சாமான் இருக்கிறது. நாய் கடிக்குமா என்று கேட்கிறோம், கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று கேட்கிறோம், துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்க மட்டும் நமக்குக் கூச்சம். அது வெறும் காற்றுத்தானே அப்பா என்று நீ சொல்லுவாய். காற்றுத்தான். ஆனால் அது தள்ளுவது ஈயத்தை, பிள்ளையின் கண் அதை விட மெத்து.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் குரங்குக்குப் பின்னால் ஓடினாயே, அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. மித்ரா என்னிடம் ரகசியக் குரலில், "தாத்தா, ஒண்ணு காட்டவா?" என்றாள். காட்டு ராசாத்தி என்றேன். படம் ஆடியது. முதலில் ஒரு முக்காலி தெரிந்தது, அப்புறம் மேசை, அப்புறம் மேசைமேல் உன் அரிசி வாளி, அப்புறம் கொஞ்ச நேரம் சுவர் மட்டும். பிறகு படம் நின்றது. உன் அலமாரி உச்சியை நான் டிக்கோயாவில் உட்கார்ந்துகொண்டு முழுசாகப் பார்த்தேன். செத்த கரப்பான் இரண்டு. காணாமல் போய்விட்டது என்று பொலிஸில் முறைப்பாடு எழுதிவைத்தாயே, அந்த அடையாள அட்டை துப்பாக்கி அனுமதிப் பத்திரத்தோடு சேர்ந்து அங்கேதான் கிடக்கிறது. பிள்ளை கையில் படக்கூடாது என்று பத்திரமாக வைத்திருப்பாய். அதற்குப் பக்கத்தில் துப்பாக்கி. "பாருங்க தாத்தா, ஒங்க துப்பாக்கிக்கு அப்பா பொட்டு வச்சாங்கள்ல? நானும் வச்சுட்டேன்" என்றாள். நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆயுதபூசைக் கதைதான். அவள் அம்மாவின் ஒட்டுப்பொட்டு, சிவப்பு. சுடுகிற விசையின் மேல் ஒட்டியிருந்தது.

இந்தத் தடவை எனக்குக் கத்த வந்தது. கத்தினால் விழுந்துவிடுவாள். எப்படித்தான் அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை, "ரொம்ப அழகா இருக்குடா. அதத் தொடாம மெல்ல எறங்கி, போன அம்மாகிட்ட குடு, தாத்தா ஒரு கதை சொல்றேன்" என்றேன். அவள் இறங்கி முடிக்கும் வரை உன் அம்மா என் கையைப் பிடித்திருந்த இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பக்கத்து வீட்டுப் பண்டார மாத்தையாவைக் கூப்பிட்டாள், பொலிஸில் இருந்து ஓய்வுபெற்றவர், கை பழகியவர். நீ குரங்கை விரட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அவர் வந்து இறக்கி, குழலை மடித்தாராம். உள்ளேயிருந்து ஒரு ரவை சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டதாம். கொத்தமல்லி விதை அளவுதான் இருக்குமாம். எம்ட்டி என்று நீ சொன்ன துப்பாக்கி அது.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதைத்தான் இத்தனை பக்கமாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்று மட்டும் செய். இந்த வரியோடு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய் அலமாரி உச்சியைப் பார். துப்பாக்கி அங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இல்லை. சுகந்தியின் கல்யாண டிரங்குப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. நான்தான் அவளிடம், அவன் கேட்கிறானா பார்ப்போம், கேட்டால் உடனே சொல்லிவிடு என்று சொன்னேன். ஐந்து நாளாக நீ கேட்கவில்லை. ஐந்து நாளாக உன் வீட்டுத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. நேற்று கிளினிக்குக்கு வந்த சுகந்தி சாவியை இங்கே கொடுத்துவிட்டுப் போனாள். அது இப்போது உன் அம்மாவின் தாலிக்கயிற்றில் தொங்குகிறது, அவள் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

ஹட்டனில் நல்ல இரும்புப் பெட்டி ஒன்றும், இரண்டு பூட்டும் வாங்கிக்கொண்டு வந்து சாவியை வாங்கிக்கொள். மித்ராவையும் கூட்டிவா, நான் அவளுக்கு ஒரு கதை பாக்கி. இந்தத் தடவை உண்மைக் கதையைச் சொல்லப்போகிறேன், உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தட்டும். அந்த ஒட்டுப்பொட்டை மட்டும் உரித்துவிடாதே என்று சுகந்தியிடம் சொல்லியிருக்கிறேன். பெட்டியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் உன் மகளின் விரல் எங்கே இருந்தது என்று நீ பார்க்கவேண்டும்.

எப்போதும் உன்,
அப்பா